இழுக்கிற வண்டி, பின்னால் வருகிற வீடு: வாசகர் கேள்விகள்

கோடை நெருங்குகிறது. கேம்பரை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லர் வீட்டை, இழுத்துக்கொண்டு அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகத் திட்டமிடும் தம்பதிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வண்டியின் மாடலைக்கூடச் சொல்லாமல் "எங்க வண்டி இழுக்குமா?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. மாடல், ஆண்டு, டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆர் (சாமானோடு சேர்த்து அது தாண்டக்கூடாத மொத்த எடை) மூன்றையும் எழுதுங்கள்.

எங்களிடம் 2022 டொயோட்டா சியன்னா வேன் இருக்கிறது. அதன் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. பார்த்துவைத்த கேம்பரின் காலி எடை 3,300. எடுக்கலாமா? (எடிசன்)

வேண்டாம். காலி எடை என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் எடை. 30 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 250 பவுண்டு ஏறிவிடும். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், அரிசி, படுக்கை எல்லாம் அதற்கு மேல்.

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வைத்திருக்கிறோம். 11,000 பவுண்டு இழுக்கும் என்று கடையில் சொன்னார்கள். 7,000 பவுண்டு கேம்பர்தான் மாட்டினோம். பின்பக்கம் தாழ்ந்துபோய், ஸ்டியரிங் லேசாகிவிட்டது போல இருக்கிறது. ஏன்? (ஃப்ரிஸ்கோ)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. இழுவைத் திறனை மட்டும் சொல்லி விற்கிறார்கள், பேலோடைப் பற்றி, அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடையைப் பற்றி, வாயே திறப்பதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டு தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லரின் டங் வெயிட்டும் (அதன் முன்முனை வண்டியின் மேல் அழுத்தும் எடை) அந்தக் கணக்கில்தான் சேரும்.

உங்கள் ஸ்டிக்கரில் 1,550 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7,000 பவுண்டு கேம்பரின் டங் வெயிட் சுமார் 900. ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) 100. நீங்கள் இருவரும் 330. பின்னால் ஜெனரேட்டர், கூலர், சைக்கிள் என்று 300. மொத்தம் 1,630. இழுவைத் திறனில் இன்னும் 4,000 மிச்சம் இருக்கிறது, ஆனால் வண்டியின் முதுகில் இடம் தீர்ந்துவிட்டது. பின் அச்சு அழுந்தும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது. ஸ்டியரிங் லேசாவது அதனால்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. முதல் கேம்பரை வாங்கியபோது "கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம் சார்" என்றார் விற்றவர். ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து கேம்ப் வெர்டி நோக்கி ஐ-17இல் இறங்கும்போது வால் ஆட ஆரம்பித்தது. என் மனைவி டேஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் எடை போட்டுப் பார்த்தால் பின் அச்சில் மட்டும் 400 பவுண்டு அதிகம். அந்த விற்பனையாளரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எடை போடுங்கள். டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், பதினைந்து டாலர் சொச்சம். டிரெய்லரோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை. டிரக்கின் எடையில் தெரியும் வித்தியாசம்தான் டங் வெயிட். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பித் தரும், ஆனால் பேலோடைக் கூட்டாது. சாமான்களைக் கேம்பரின் வால்பக்கம் தள்ளி டங் வெயிட்டைக் குறைக்கவும் பார்க்காதீர்கள். டங் வெயிட் டிரெய்லர் எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம் நிச்சயம்.

பெரிய லாரி முந்தும்போது கேம்பர் ஆடுகிறது. பிரேக் அடிக்கலாமா? (ராலே)

காலால் அடிக்கவே கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் உள்ள கை லீவரை மெதுவாக அழுத்தி டிரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுங்கள். அடிக்கடி ஆடினால் டங் வெயிட் குறைவாக இருக்கலாம். எடை போடுங்கள்.

30 ஆம்ப் கேம்ப் தளத்தில் சாம்பார் கொதிப்பதற்குள் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. (ஃப்ரீமாண்ட்)

30 ஆம்ப் என்றால் 3,600 வாட்தான். இண்டக்ஷன் அடுப்பு 1,800, ஏசி 1,500, வாட்டர் ஹீட்டர் 1,400. கூட்டிப் பாருங்கள். சமைக்கும்போது ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று. வீட்டில் இதே 30 ஆம்ப் பிளக் வைக்கச் சொன்னால் சில எலக்ட்ரீஷியன்கள் துணி டிரையருக்குப் போல 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். கேம்பருக்கு வேண்டியது 120. மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள்.

கிளேசியர் பூங்காவில் கோயிங்-டு-த-சன் சாலையில் கேம்பரோடு போகலாமா?

முடியாது. அவலாஞ்சிலிருந்து ரைசிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளமுள்ள எதற்கும் அனுமதியில்லை. டிரெய்லரையும் சேர்த்துத்தான் அந்த 21 அடி. முகாமில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

பழைய கேம்பர். டயர் பட்டன் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டுமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடாமல் நின்றாலும் ஐந்தாறு வருடத்தில் கெட்டுவிடும். மாற்றுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை. தினமும் சண்டை. (ஒரு வாசகி)

"இந்தப் பக்கம்" என்று சொல்லாதீர்கள் அம்மா. "டிரைவர் பக்கம்", "பாசஞ்சர் பக்கம்" என்று இரண்டே சொல் வைத்துக்கொள்ளுங்கள், போனில் பேசுங்கள். அவர் ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடிக்கட்டும். கை எந்தப் பக்கம் போகிறதோ, கேம்பரின் வாலும் அந்தப் பக்கம் போகும். கண்ணாடியில் நீங்கள் தெரியவில்லை என்றால் அந்த நொடியே அவர் வண்டியை நிறுத்த வேண்டும்.