புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? லேபில் முதலில் அதைச் சொல்லுங்கள்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு மருந்து எடுப்பவர்களும் ஆபரேஷன் முடித்தவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பலர் லேப் ரிப்போர்ட்டை மறக்காமல் இணைத்திருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைத்தான் எழுதவில்லை. 'ராத்திரி போடுகிற கேப்சூல்' என்கிறார் ஒருவர். மாத்திரையின் பெயர் தெரியாமல் இந்த ரிப்போர்ட்டுகளைப் படிப்பது, எந்த வருடத்துப் பஞ்சாங்கம் என்று தெரியாமல் நாள் குறிப்பது போல.

வயது 66. இரண்டு வருடமாகக் கேப்சூல் சாப்பிடுகிறேன். மருந்துக்கு முன் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி செய்யும் புரதம்) 5.8. போன வருடம் 2.6. இப்போது 3.4. 'நாலுக்குக் கீழேதான், நார்மல்' என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

நீங்கள் அனுப்பிய மருந்துச்சீட்டில் இருப்பது இரண்டு மருந்துகள் சேர்ந்த கேப்சூல்: டாம்சுலோசின், டுட்டாஸ்டெரைடு. முதலாவது, சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதித் தசையைத் தளர்த்தும், பி.எஸ்.ஏ.வைத் தொடாது. இரண்டாவதுதான் விஷயம். ஆண் ஹார்மோன் அதன் வீரியமான வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கிறது. சுரப்பி மெல்லச் சுருங்கும். கூடவே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபினாஸ்டெரைடும் இதே வேலையைச் செய்யும்.

எனவே உங்கள் 3.4-ஐ இரண்டால் பெருக்கி 6.8 என்று படிக்க வேண்டும். 'நாலுக்குக் கீழே நார்மல்' என்ற கணக்கு உங்களுக்குச் செல்லாது. லேப் மீது தவறில்லை, அவர்களுக்கு மாத்திரை பற்றித் தெரியாது.

பெருக்கல் கணக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மருந்து தொடங்கியபின் உங்கள் பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த அளவு 2.6. அங்கிருந்து ஏறியிருக்கிறது. இந்த மருந்து சாப்பிடுபவருக்கு அடிமட்டத்திலிருந்து ஏற்றம் என்றாலே ஏன் என்று பார்க்க வேண்டும். அதற்காக இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் ஓரிரு மாதம் மாத்திரையை விட்டீர்களா? சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்ததா? தொற்று வந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். அப்போதும் ஏறியே இருந்தால் விரல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. என்று உங்கள் சிறுநீரியல் மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போவார்.

புற்றுநோயா, வெறும் வீக்கமா என்று சிறுநீரை வைத்தே சொல்லும் டெஸ்ட் உண்டாமே? ஆசனவாய் வழியாக விரலை விட்டு அழுத்திய பிறகுதான் சிறுநீர் எடுப்பார்கள் என்கிறார்கள். எதற்கு அந்த அவஸ்தை? மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது சரியாக வருமா? – வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை.

பி.எஸ்.ஏ.வின் பலவீனம், அது புராஸ்டேட்டின் அடையாளமே தவிர, புற்றின் அடையாளம் அல்ல. சுரப்பி பெருத்தாலும் ஏறும், அழற்சி வந்தாலும் ஏறும், புற்று வந்தாலும் ஏறும். வீக்கம் உள்ளவர்களிடம்தான் இது அதிகம் குழப்புகிறது. 1999-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு மரபணுவை அறிவித்தார்கள். இன்று அதற்கு பி.சி.ஏ.3 என்று பெயர். அது புரதம் எதையும் செய்வதில்லை, ஆர்.என்.ஏ. என்ற மரபணு நகலோடு நின்றுவிடுகிறது. ஆனால் புராஸ்டேட் புற்றுச் செல்களில் அந்த ஆர்.என்.ஏ. சாதாரணச் செல்களைவிடப் பல மடங்கு கூடுதல். சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது இந்த அளவைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதுதான் இதன் கவர்ச்சி.

இப்போது அவஸ்தைக்கு வருவோம். சிறுநீர், சிறுநீரகத்திலிருந்து வருவது. புராஸ்டேட் செல்கள் அதில் தானாக நிறைய விழுவதில்லை. விரலால் சுரப்பியின் இரு பக்கமும் சில முறை அழுத்தி வருடினால் செல்கள் சிறுநீர்ப் பாதைக்குள் உதிரும். உடனே போகும் சிறுநீரின் முதல் 20–30 மில்லிலிட்டர் அவற்றை அடித்துக்கொண்டு வரும். அதனால் முதல் சிறுநீர்தான் வேண்டும். தொற்றுக்கான கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) நேர் எதிர்: அங்கே முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012-இல் இந்த டெஸ்டுக்கு அனுமதி தந்தது. யாருக்கு என்பதைக் கவனியுங்கள்: 50 வயதைத் தாண்டி, ஏற்கெனவே பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்து புற்று இல்லை என்று வந்து, மறுபடி பயாப்ஸி செய்யலாமா என்று யோசிக்கும் ஆண்களுக்கு. எல்லோருக்கும் முதல் டெஸ்டாக அல்ல. மதிப்பெண் குறைவாக இருந்தால் புற்று இருக்கும் வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொரு குறிப்பானும் உண்டு. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழு, புராஸ்டேட் புற்றுச் செல்களில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, இ.ஆர்.ஜி. என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தது. முதல் பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொண்டதும் அதே மரபணு தரும் புரதத்தைத்தான். இந்த ஒட்டு மரபணுவின் தடத்தையும் சிறுநீரில் பார்க்கலாம். பி.சி.ஏ.3-உடன் இதைச் சேர்த்துக் கணக்கிடும் டெஸ்டுகள் வந்திருக்கின்றன. சிறுநீரில் மிதக்கும் எக்ஸோசோம் என்ற நுண்பைகளைப் பார்ப்பதால் விரல் அழுத்தமே தேவைப்படாத டெஸ்டும் இருக்கிறது.

மாத்திரைக் கேள்வி நியாயமானது. பி.சி.ஏ.3 மதிப்பெண் ஒரு விகிதம். கீழே வகுக்கும் எண், அதே சிறுநீரில் இருக்கும் பி.எஸ்.ஏ. ஆர்.என்.ஏ. அந்த ஆர்.என்.ஏ.வோ ஆண் ஹார்மோன் சொல்படி ஆடுவது. ஹார்மோன் வடிவத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் விகிதமே கோணலாகிவிடாதா? டுட்டாஸ்டெரைடை வைத்து நடந்த ரெட்யூஸ் என்ற பெரிய ஆய்வில் இதைப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களிடமும் பயாப்ஸி முடிவை முன்கூட்டிச் சொல்ல பி.சி.ஏ.3 உதவியது. ஒரு டெஸ்டுக்குப் பொருந்தியது எல்லா டெஸ்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படிவத்தில் மாத்திரைப் பெயரை எழுதுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால்: சந்தேகம் வந்தவருக்கு இன்று முதலில் நல்ல எம்.ஆர்.ஐ. எடுப்பேன். அதன் பிறகும் பயாப்ஸி வேண்டுமா வேண்டாமா என்று ஊசலாடும் இடத்தில்தான் இந்தச் சிறுநீர் டெஸ்டுகளுக்கு வேலை.

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சிறுநீரில் உள்ள ஏதோ 'நரம்பு வளர்ச்சிக் காரணி' காட்டிவிடும் என்று படித்தேன். எடுத்துப் பார்க்கட்டுமா? – வாசகர், சேலம்

வேண்டாம். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பை எரிச்சலுக்கு உள்ளாகும்போது அந்தப் புரதம் சிறுநீரில் கூடுகிறது, சிகிச்சை பலித்தால் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்ததுதான். தைவானில் இதைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆனால் தொற்று வந்தாலும் கல் இருந்தாலும் அது ஏறும். ஆய்வுக்கூடத்தில் சுவாரசியமானது, கிளினிக்கில் இன்னும் பயனில்லாதது. ஒரு நோட்டில் மூன்று நாளுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு மில்லி போனீர்கள், என்ன குடித்தீர்கள் என்று எழுதுங்கள். சிறுநீர் வேகம் பார்க்கும் டெஸ்டும், போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்ற ஸ்கேனும் எடுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு இவை போதும்.

ஐந்து வாரம் முன்பு டெலஸ்கோப் ஆபரேஷன் நடந்தது. சிறுநீர் நன்றாகப் போகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் சீழ் செல் 20–25 என்று வருகிறது. மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. – வாசகர், காரைக்குடி

குறையாது. உள்ளே சுரப்பியைச் சுரண்டி எடுத்த இடம் இன்னும் ஆறாத புண். அங்கிருந்து வெள்ளை அணுக்கள் சிறுநீரில் வந்துகொண்டேதான் இருக்கும். புதுத் தோல் மூட இரண்டு மூன்று மாதம் ஆகும். 'சீழ்' என்ற சொல்தான் பயமுறுத்துகிறது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கடும் எரிச்சல் இருக்கிறதா? கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா? இரண்டும் இல்லையென்றால் அடுத்த ஆன்டிபயாடிக் வேண்டாம். அது கிருமிகளுக்குப் பயிற்சி கொடுப்பதாகத்தான் முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவது வாரத்தையொட்டி, பொருக்கு உதிரும்போது சிறுநீர் சிவப்பாவதும் உண்டு. தண்ணீர் குடித்துத் தெளிந்தால் சரி. கட்டி கட்டியாக வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிறுநீர் போக டியூப் போட்டிருப்பவர்களின் வீட்டாருக்கும் இதே பதில். டியூப் ஒரு மாதம் இருந்தாலே ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி குடியேறிவிடும். தொந்தரவு இல்லாதவருக்கு அதைத் தேடிப் போய் மருந்து கொடுப்பதில்லை.

என் வீட்டுக்காரருக்கு சர்க்கரையும் உண்டு, புராஸ்டேட்டும் உண்டு. சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றியதிலிருந்து ராத்திரி ஐந்து முறை எழுந்திருக்கிறார். சிறுநீரில் சர்க்கரை நாலு பிளஸ். ரத்தத்தில் அளவு நன்றாகவே இருக்கிறது. புராஸ்டேட் மருந்தை மாற்ற வேண்டுமா டாக்டர்? – வாசகி, மதுரை

அம்மா, நீங்கள் அனுப்பிய சீட்டிலேயே பதில் இருக்கிறது: டாபாகிளிஃப்ளோசின். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதே அந்த மருந்தின் வேலை. நாலு பிளஸ் வந்தால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் சிறுநீரின் அளவும் கூடும். வீக்கம் உள்ளவருக்கு அது சுமைதான். ஆனாலும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலையில் சாப்பிடலாமா என்று கேளுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே காபி, மோர், தண்ணீரை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்தோலில் அரிப்பு, வெள்ளைப் படிவு வந்தால் அதுவும் இந்த மாத்திரையோடு வரக்கூடிய பூஞ்சைத் தொற்று. வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சைலோடோசின் தொடங்கியபின் உறவின்போது விந்து வருவதே இல்லை. சிறுநீர் ரிப்போர்ட்டில் விந்தணு இருப்பதாகப் போட்டிருக்கிறது. ஆபத்தா? – பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

ஆபத்தில்லை. சைலோடோசினும் டாம்சுலோசின் வகைதான். சிறுநீர்ப்பையின் வாய் தளர்ந்திருப்பதால் விந்து முன்னால் வராமல் பின்னோக்கிப் போகலாம், அல்லது வெளிப்படாமலே போகலாம். மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடும். குழந்தை வேண்டும் என்றால் மட்டும் மாற்று மருந்து பற்றிப் பேசுங்கள். இந்த வகை மருந்து சாப்பிடும் எல்லோருக்கும் ஒன்று: கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கருவிழிப் படலம் தளர்ந்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும். மருந்தை முன்பே நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இனியும் பி.எஸ்.ஏ. எதற்கு? – வாசகர், வேலூர்

சாத்துக்குடியில் சுளையை எடுத்துவிட்டுத் தோலை விட்டுவைத்த மாதிரி ஆபரேஷன் அது. புற்று பெரும்பாலும் வருவது அந்தத் தோல் பகுதியில். மூன்று மாதம் கழித்து ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து வையுங்கள், நன்றாகக் குறைந்திருக்கும். இனி ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடு.

வயது 48. புராஸ்டேட் தொந்தரவு எதுவும் இல்லை. முடி கொட்டுவதற்கு மாத்திரையும் பயோட்டினும் சாப்பிடுகிறேன். அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்று இருந்தது. பி.எஸ்.ஏ. 1.9. – வாசகர், சென்னை

முடிக்கான மாத்திரை ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம்தானே? வீக்கத்துக்குத் தரும் 5 மில்லிகிராமின் தம்பி. சின்ன அளவுதான் என்றாலும் அதுவும் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாக்கும். உங்கள் எண்ணை 3.8 போலத்தான் பார்க்க வேண்டும். போதாததற்குப் பயோட்டின்: அதிக அளவில் சாப்பிட்டால் சில லேப் இயந்திரங்களில் பி.எஸ்.ஏ.வை இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். பயோட்டினை மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். ரிப்போர்ட்டோடு ஒரு சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள், அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.