இலியட் முதல் பதிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். மோசமான படங்களை ரசிப்பது பற்றி எழுதியபோது ‘தி பாய் நெக்ஸ்ட் டோர்’ என்ற படத்தைச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பி நானும் தங்கையும் பார்த்தோம். தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பாதிப் பேர் படத்தில் பரிசாக வரும் அந்த இலியட் புத்தகத்தை வைத்துக் கிண்டலடிக்கிறார்கள். மீதிப் பேர், படத்தில் வரும் டீச்சர் எதற்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் வீட்டுக்குப் போனாள் என்று கேட்கிறார்கள். நான் கல்லூரியில் படித்தபோது ஒருவன் எட்டு மாதம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் என் பின்னாலேயே வந்தான். அப்போதும் என்னைச் சுற்றி இதே இரண்டு கூட்டம்தான் இருந்தது. ஒரு கூட்டம் சிரித்தது. இன்னொரு கூட்டம் ‘நீ என்ன செஞ்சே?’ என்று கேட்டது.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீங்கள் எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள வாசகிக்கு,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் ‘அது வெறும் படம்தானே’ என்கிற மாதிரி ஏதாவது எழுதித் தொலைத்திருப்பேன். படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

முதலில் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படம் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையும் கொஞ்சம். 2015-இல் வந்த படம், இயக்கம் ராப் கோஹன். ஜெனிஃபர் லோபஸ் பள்ளியில் செவ்வியல் இலக்கியம் நடத்தும் ஆசிரியை. கணவர் வேறொரு பெண்ணோடு பழகியதால் பிரிந்து, மகனோடு வாழ்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒத்தாசையாக ஓர் இளைஞன் வந்து சேர்கிறான். பள்ளிப் படிப்பை இன்னும் முடிக்காதவனாம். நடித்த ரயன் குஸ்மானுக்குப் படப்பிடிப்பின்போது வயது இருபத்தாறு இருக்கும். ஒரே ஓர் இரவு தவறிப்போகிறது. அதன்பிறகு அவன் அவரை விடுவதாக இல்லை.

அந்த இளைஞன் ஆசிரியைக்கு ஒரு பரிசு கொடுக்கிறான்: இலியட் காவியத்தின் ‘முதல் பதிப்பு’. யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததாம். பண்டைய கிரேக்கக் கவி ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் காவியம் அது. நூற்றாண்டுக் கணக்கில் வாய்ப்பாட்டாகவும் சுவடியாகவும் இருந்து, கிரேக்க மூலம் முதல்முறையாக அச்சேறியது 1488-இல், பிளாரன்ஸ் நகரத்தில். பையன் தெரியாமல் சொல்கிறான், போகட்டும். இலக்கியம் நடத்தும் டீச்சர் வாயைப் பிளந்து, ஐயோ இதன் விலை எங்கேயோ போயிருக்குமே என்கிறார்! திருவள்ளுவரே வெளியிட்ட திருக்குறள் முதல் பதிப்பு, திருவல்லிக்கேணி நடைபாதையில் அம்பது ரூபாய்க்குக் கிடைத்தது என்று ஒருவன் கொண்டுவந்து நீட்ட, தமிழாசிரியை கண்கலங்கி வாங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? (குறள் முதலில் அச்சேறியது 1812-இல். அது கிடைத்தாலே பெரிய விஷயம்.) இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க என்னால் ஆகாது. இரண்டாம் முறையும் சிரித்தேன்.

இந்த மாதிரிப் படத்தில் ஒரு ருசி இருக்கிறது. நடிப்பவர்கள் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அபத்தத்தைச் சாமி கும்பிடுகிற பக்தியோடு செய்வார்கள். நம் நண்பர்கள் ‘செம மொக்கை, அவசியம் பாரு’ என்று சொல்வது இந்த வகையைத்தான். ஏறக்குறைய 40 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். இதில் நடித்ததற்காக லோபஸுக்கு எம்டிவி விருதும் கிடைத்தது, மோசமான நடிகைக்கான ராஸி பரிந்துரையும் கிடைத்தது. இரண்டுமே நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த இரவுக் காட்சியில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஓடவிட்டேன். சமையலுக்கு உதவி வேண்டும் என்று அவன் கூப்பிடுகிறான், இவர் போகிறார். அவன் நெருங்கும்போது வேண்டாம் என்கிறார். விலகிப் போகப் பார்க்கிறார். மறுபடியும் வேண்டாம் என்கிறார். அவன் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் படம் என்ன செய்கிறது தெரியுமா? இசையைக் குழைய விடுகிறது, வெளிச்சத்தைப் பொன்னிறமாக்குகிறது. மறுநாள் காலையில், இது தப்பு, இத்தோடு முடிந்தது என்கிறார். அவன் சுவரில் குத்திக் கையைக் காயப்படுத்திக்கொள்கிறான். அங்கிருந்து இசை மாறுகிறது. இனிமேல் இவன் வில்லன், பயப்படுங்கள் என்று நமக்குச் சொல்லியாகிவிட்டது.

இரவும் அவன் கேட்காமல் போனது அதே ‘வேண்டாம்’தானே? ராத்திரி கேட்காதபோது அது மோகம், காலையில் கேட்காதபோது அது பைத்தியம் என்று படம் எப்படிப் பிரித்தது? முதல் முறை பார்த்தபோது நான் இதைக் கவனிக்கவே இல்லை. இலியட்டுக்குச் சிரித்த மயக்கத்திலேயே இதையும் கடந்து போய்விட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வராததன் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் படங்களுக்கும் இது ஒன்றும் அந்நியமில்லை. என்ன, நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, நாலு பாட்டுச் சேர்த்து, கல்யாணத்தில் முடித்துவிடுவோம்.

வகுப்பறைக் காட்சியிலும் சிரித்திருந்தேன். அந்த இரவின் படங்களை அச்சிட்டு வகுப்பறை முழுக்க ஒட்டிவைத்திருப்பான், பிரிண்டரும் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் மை யார் வாங்கிக் கொடுத்தது என்பதுதான் அப்போது என் கவலை. இந்த முறை, பிள்ளைகள் உள்ளே வருவதற்குள் காகிதங்களைக் கிழித்துக் கிழித்து அள்ளுகிற அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும், மகனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை. இவ்வளவு கோமாளித்தனமான படத்துக்கு நடுவில் நிஜமாக இருப்பது அந்த வாய்திறக்காமைதான். கதையை எழுதிய பார்பரா கரி அமெரிக்காவில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர். இப்படி வாய்திறக்காத பலரை அவர் பார்த்திருக்கலாம், இது என் ஊகம்தான்.

அப்புறம் அந்த இரண்டாவது கூட்டம், ‘எதற்குப் போனாள்?’ கூட்டம். அது இந்தப் படத்தோடு பிறந்ததல்ல. 1987-இல் ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ வந்தது. மணமான ஆண் ஒரு பெண்ணோடு ஒரு வாரக்கடைசியைக் கழித்துவிட்டு வீடு திரும்புகிறான், அவள் அவனை விடாமல் துரத்துகிறாள். முதலில் எடுத்த முடிவில் அந்தப் பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு சாகிறாள். கத்தியில் அவன் கைரேகை இருப்பதால் போலீஸ் அவனைக் கொண்டுபோகிறது. வெளியிடுவதற்கு முன்னால் சோதனைக்காகப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்குத் தண்டனை வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த க்ளென் க்ளோஸ் முடிவை மாற்றக் கூடாது என்று மல்லுக்கட்டியும் பலனில்லை. குளியலறையில் மனைவியே அவளைச் சுட்டுக் கொல்வதாகத் திரும்ப எடுத்தார்கள். படம் பெரும் வெற்றி, 6 ஆஸ்கர் பரிந்துரைகள். தப்புச் செய்த ஆண் குடும்பத்தோடு பத்திரமாக இருக்கிறான்.

பொதுவாகப் படம் வந்த பிறகுதான் பார்வையாளர்கள் கருத்துச் சொல்வார்கள். அங்கே கருத்தே படத்தைத் திருத்தி எழுதியது. தப்புச் செய்த ஆணை மன்னித்து, அவனைத் துரத்திய பெண்ணைக் கொல்லச் சொன்ன அதே கூட்டம், 2015-இல் துரத்துகிறவன் ஆணாக மாறியதும் ‘டீச்சர் எதற்குப் போனாள்?’ என்கிறது. ஆள் இடம் மாறினாலும் கேள்வி பெண்ணை நோக்கித்தான் வருகிறது. உங்களைச் சுற்றி நின்று கேட்டவர்களும் இவர்களின் சொந்தக்காரர்கள்தான்.

இன்னொன்றும் யோசித்தேன். அந்த 1987-இல் அமெரிக்காவிலேயே இப்படி விடாமல் பின்தொடரும் குற்றத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1990-இல் கலிஃபோர்னியாதான் முதலில் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2013-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு. நீங்கள் கல்லூரியில் படித்தது அதற்கு முன்னால் என்றால், அந்த எட்டு மாதத்துக்கு ஸ்டேஷனில் எழுதித்தர நேரான ஒரு பெயர்கூட இருந்திருக்காது. ‘ஈவ் டீசிங்’ என்று ஏதோ குறும்பு மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

‘விழுந்து விழுந்து சிரித்தேன்’ என்று நான் எழுதியது, படத்தில் சிரிப்பதற்கு மட்டுமே விஷயம் இருப்பதுபோல ஆகிவிட்டது. அது என் சோம்பேறித்தனம். பழைய பதிவில் அந்த வரிக்குக் கீழே உங்கள் கடிதத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன், வரியை அழிக்கவில்லை.

தங்கை சிரித்ததற்காக அவளோடு சண்டை போட்டுவிடாதீர்கள். கடைசியில் அந்த அம்மாள் மகனுக்காக வைத்திருக்கும் ஒவ்வாமை ஊசியை எடுத்து வில்லன் கண்ணில் செருகுகிறாரே, அதுவும் போதாமல் ஒரு முழு எஞ்சின் அவன் மேல் வந்து விழுகிறதே, அங்கே சிரித்திருந்தால் அவள் என் கட்சி. அந்த இரவுக் காட்சியில் சிரித்தாளா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சிரித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்