1 மணி 50 நிமிடம் என்பது 1.50 இல்லை

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு மாதம் 15,600 ரூபாய். வருகைக்கு விரல் வைக்கிற மிஷின் வாங்கி மாட்டினேன். அந்த நேரங்களை எக்செல்லில் போட்டால் கன்னாபின்னாவென்று வருகிறது. 1:50 மணி ஓவர்டைமுக்கு 11 ரூபாய் என்கிறது, மாத மொத்தம் 208 மணி வர வேண்டிய இடத்தில் 16 என்று நிற்கிறது. வெறுத்துப்போய் கால்குலேட்டரில் போட்டுக் கொடுத்தேன், அதிலும் குறைகிறது என்று பையன்கள் முணுமுணுக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: பையன்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். 1 மணி 50 நிமிடத்தை நீங்கள் கால்குலேட்டரில் 1.50 என்று தட்டியிருப்பீர்கள், அது ஒன்றரை மணி நேரம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துத்தான் சேர்க்க வேண்டும், 1.83 என்று வரும். உங்கள் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600, அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 75. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, அதாவது 150 (கொடுக்கிறீர்கள்தானே?). சரியான கணக்கில் 275 ரூபாய், உங்கள் கணக்கில் 225. ஒரே சாயங்காலத்தில் ஒருவருக்கு ஐம்பது ரூபாய் போனால் முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்?

எக்செல் விஷயம் வேறு. அது நேரத்தை ஒரு நாளின் பங்காகத்தான் வைத்துக்கொள்கிறது, மதியம் 12 மணி என்றால் அதற்கு 0.5. அதனால் நேரத்தை நேராகக் கூலியால் பெருக்கினால் 11 ரூபாய்தான் வரும். முதலில் 24-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் கூலியால் பெருக்குங்கள். 208 மணி 16 ஆனதற்கும் காரணம் இதுதான், 24 தாண்டியதும் கடிகாரம் மாதிரி திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கூட்டல் வரும் கட்டத்தின் ஃபார்மேட்டில் டைம் பட்டியலைத் திறந்தால் 37:30:55 என்று ஒரு மாதிரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் முழு மணியும் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பல கடைகளில் தினமும் ஒரு மணி நேரம் தானாகக் கழிந்துவிடுகிறது, ஆள் என்னவோ இருபது நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து குத்துவிளக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார். போகும்போதும் வரும்போதும் விரல் வைக்கச் சொல்லுங்கள், நாளுக்கு நாலு பதிவு. தமிழ்நாட்டுக் கடைகளுக்கான 1947-ம் ஆண்டுச் சட்டப்படி நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதற்குள் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். அதே சட்டத்தில்தான் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற கணக்கும் இருக்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஆகவே முகூர்த்த சீசனாகவே இருந்தாலும் ஒரு ஆளை வாரத்தில் மூன்று நாள்தான் இந்த 1:50 கணக்கில் நிறுத்தி வைக்கலாம், நாலாவது நாள் எல்லை தாண்டிவிடும். இரட்டிப்புக் காசு கொடுத்தேனே என்பது அதற்குப் பதில் ஆகாது.

இன்னொன்று, லீவுக்குக் கழிக்கும்போது 26-ஆல் வகுப்பது, ஓவர்டைம் கொடுக்கும்போது மட்டும் 30-ஆல் வகுப்பது என்று சில முதலாளிகள் கெட்டிக்காரத்தனம் செய்வார்கள். 26 என்றால் மணிக்கு 75, 30 என்றால் 65. எதற்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஷோரூமில் வேலை பார்க்கிறேன். காலையில் பத்து நிமிடம் லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். சாயங்காலம் அரை மணி லேட்டாக விடுவது மட்டும் கணக்கிலேயே வருவதில்லை. இது நியாயமா?

பதில்: இல்லை. வராத நேரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பிடிக்கலாம் என்பது 1936-ம் ஆண்டு ஊதியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. நாள் சம்பளம் 600 என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு 12 ரூபாய் 50 பைசா, உங்களிடம் பிடிப்பது 300. சாயங்கால அரை மணி நேரமும் அதே மிஷினில்தானே பதிவாகிறது? வெளியே போகும்போது மறக்காமல் விரல் வையுங்கள், நேரத்தை உங்கள் நோட்டிலும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் வருகைப் பதிவின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் நோட்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட வேலை செய்பவர்கள் நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டே மனு கொடுக்கலாம்.