கடுவன் பூனை வீடெல்லாம் சலம் அடிப்பது பற்றி

அக்கா, வெள்ளவத்தை ஃப்ளாட்டில் உங்கள் இரண்டு வயதுக் கடுவன் பால்கனிக் கதவிலும் செட்டி (சோபா) மூலையிலும் சலம் அடிக்கிறது, டெற்றோல் போட்டுத் துடைத்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். முதலில் டெற்றோலை நிறுத்துங்கள். அதிலுள்ள பீனோல் வகைச் சேர்மம் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கியே விழுங்கிவிடும். செல்லப்பிராணிக் கடையில் நொதியம் (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் கேளுங்கள். மணம் முழுக்கப் போகாவிட்டால் அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும்.

அப்புறம், அடிக்கும் விதத்தைப் பாருங்கள். நின்றபடி வாலை நிமிர்த்தி, வால் நுனி துடிதுடிக்கக் கதவில் பீய்ச்சினால் அது எல்லை போடுகிறது. கீழே திரியும் வேறு கடுவனைக் கண்டிருக்கும். கண்ணாடியின் கீழ்ப்பாதியைக் கடதாசி ஒட்டி மறையுங்கள். இன்னும் நலமடிக்கவில்லை (விதை எடுக்கவில்லை) என்றால் செய்துவிடுங்கள்; பெரும்பாலானவை அதோடு அடங்கும், சில வாரம் பிடிக்கலாம். பூனைக்கு அடி போடுவது, அதன் மூக்கைச் சலத்தில் தேய்ப்பது எல்லாம் வீண் வேலை.

குந்தியிருந்து பெய்தால் மணல் தட்டைக் கவனியுங்கள்: தினமும் அள்ளுங்கள், வாசனை மணல் வேண்டாம், ஒரு பூனைக்கும் இரண்டு தட்டு நல்லது.

ஆனால் குந்திக் குந்தி முக்கியும் சொட்டுத்தான் வருகிறது என்றால் சலக்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.