அந்தமானில் ரிசார்ட்டில் தங்கும்போது 'ஓரிடவாழ்விப் பறவை' பாருங்கள் என்கிறார்களே, அது என்ன?

உலகத்தில் ஒரே ஒரு பகுதியில் மட்டும் வாழும் பறவைதான் ஓரிடவாழ்வி. உடம்பெல்லாம் கறுப்பும் தலையில் சிவப்புக் கொண்டையுமாக இருக்கும் அந்தமான் மரங்கொத்தியை அந்தமானுக்கு வெளியே பார்க்க முடியாது. நார்கொண்டம் இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவைக்குச் சுமார் 7 சதுர கிலோமீட்டர் நார்கொண்டம் தீவு ஒன்றுதான் மொத்த உலகமே!

காரணம் கடல். எப்போதோ வந்து சேர்ந்த சில பறவைகள் தாய்க்கூட்டத்தோடு கலக்காமல், பல்லாயிரம் தலைமுறைகளில் தனி இனமாக மாறிவிட்டன. கல்யாணமாகித் தூரதேசம் போன பெண்ணின் குழம்பு மாதிரி. கைப்பக்குவம் அம்மாவுடையதுதான், ஆனால் அங்கே கிடைக்கும் புளியும் மிளகாயும் சேர்ந்து பேத்தி காலத்தில் அது வேறு குழம்பாகிவிடும்.

இதற்காக அலைய வேண்டாம். அங்கே விடியல் சீக்கிரம்; 5:30 மணிக்குக் காபியோடு வராந்தாவில் சும்மா உட்காருங்கள். மரத்தைக் கொத்தும் சத்தம் முதலில் வரும், பறவை அப்புறம். அந்த ஒரு மணி நேர அமைதிக்காகவே போகலாம். ஒரு மாலையைத் தெற்கு அந்தமானில் பறவைகளுக்குப் பெயர்போன சிடியா டாப்புக் காட்டுக்கு ஒதுக்குங்கள்.

ஊர்ப் பெயர் இருந்தாலே ஓரிடவாழ்வி என்று நினைத்துவிடாதீர்கள்: நிக்கோபார் புறா சாலமன் தீவுகள் வரைக்கும் இருக்கிறது.