ரோஸ் கலர், நடுவில் கோடு போட்டது

கேள்வி: "ஆர்ட் ஜர்னல் வைத்து, தினமும் ஒரு பட்டியல் எழுதிப் படம் வரைந்தால் மனசு அடங்கும், அதுவே ஒரு ஆன்மிகப் பயிற்சி என்கிறார்கள். எனக்கு வரையவே வராது. நான் செய்யலாமா? எப்படித் தொடங்குவது?"

எனக்கும் வராது. நான் வரைந்த காக்காயைப் பார்த்துவிட்டு என் மகள் "இது யாரோட ஷூப்பா?" என்று கேட்டாள். அந்தக் காக்காய் இன்னும் நோட்டில் இருக்கிறது, கீழே அவள் கேள்வியையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன், வரைய வராதது ஒரு தடையே இல்லை. பட்டியல் எழுத வராததுதான் தடை. எனக்கு அதில்தான் ஒரு வருஷம் வீணாகப் போனது.

மாயவரம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பட்டியல்தான். தீர்ந்துபோன மருந்துகளை எழுத ஒரு நோட்டு, காலாவதியாகப் போகிறவற்றுக்கு ஒன்று, கடன் சொல்லிப் போனவர்களுக்கு ஒன்று. வீட்டுக்கு வந்தால் மளிகை லிஸ்ட். இப்படி இருக்கிறவன் போய் எதற்கு இன்னொரு பட்டியல் எழுத ஆரம்பித்தேன் என்று கேட்டால், லாக்டவுன் சமயத்தில் ராத்திரி தூக்கம் வராமல் வீடியோ வீடியோவாகப் பார்த்ததுதான் காரணம். அதில் ஒரு பெண் அழகான நோட்டில் தினம் பத்து நன்றிகள் எழுதி ஓரத்தில் பூ வரைந்துகொண்டிருந்தார். உடனே விலை கூடின ஸ்கெட்ச் புக் ஒன்று வாங்கிவிட்டேன், அதுவே முதல் தப்பு. நல்ல தாளைக் கண்டால் கை நடுங்குகிறது.

இரண்டாவது தப்பு அந்த நன்றிப் பட்டியல். முதல் நாள் உருக்கமாக இருந்தது. அம்மா, மனைவி, பிள்ளைகள், கை கால் சுகம், வேலை, சொந்தமாக ஒரு கூரை. இரண்டாம் நாளும் அதே. பத்தாம் நாள் ரேஷன் கார்டில் பேர் வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. எழுதும்போது மனசு வேறு எங்கேயோ இருந்தது, கை மட்டும் "கை கால் சுகம்" என்று எழுதிக்கொண்டிருந்தது. நன்றிப் பட்டியல் சிலருக்கு வேலை செய்யலாம், நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது செத்துப்போனது. எதைப் பார்த்தும் எழுதவில்லை, எழுத வேண்டியது இது என்று முன்னாலேயே தெரிந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

அப்புறம் அது தானாக நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் கடையில் கூட்டம். மாத்திரையின் பேர் தெரியாமல் வந்து அடையாளம் சொல்லிக் கேட்கிறவர்கள் தினமும் வருவார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு எரிச்சலை அடக்க, மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன சின்ன பேடில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுத ஆரம்பித்தேன்.

"ரோஸ் கலர், நடுவுல கோடு போட்டது."
"போன தடவை கொடுத்தீங்களே, அது."
"ராத்திரி போடுறது இல்ல, காலைல போடுறது."
"எங்க மாமியாருக்கு வாங்குறது, ஆனா எனக்கு."
"பிரிச்சா ரெண்டா உடையும், அந்தப் பெருசு."
"நாக்குல வெச்சா கசக்காதது."

ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கும்போது பதினான்கு வரி சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து தலைப்பு வைத்தேன்: பேர் தெரியாத மாத்திரையைக் கேட்கும் வழிகள். நான் எழுதின முதல் உயிருள்ள பட்டியல் அதுதான்.

அன்று ராத்திரியே அந்த ரோஸ் கலர் மாத்திரையை வரைந்து பார்த்தேன். வட்டம், நடுவில் ஒரு கோடு, இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். ஒரு மாத்திரையைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. கோடு வெறும் கோடு இல்லை, ஒரு பள்ளம், அதன் ஒரு கரையில் டியூப்லைட் வெளிச்சம், மறு கரையில் நிழல். பள்ளத்துக்குள் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. விளிம்பு செங்குத்தாக இல்லை, லேசாகச் சரிந்திருந்தது. கலருக்குக் குங்குமத்தைத் தொட்டுக் குழைத்தேன், கன்னாபின்னாவென்று சிவந்துவிட்டது, மகளுடைய வெள்ளை போஸ்டர் கலரைக் கலந்து ஒருவழியாக ரோஸ் ஆக்கினேன். பதினெட்டு வருஷமாக விற்கிற மாத்திரை. அதை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ரோஸ் கலர், நடுவில் கோடு. வேறு எப்படிச் சொல்வது?

மறுநாள் யாரோ "அந்தப் பச்சை டப்பா" என்றபோது கோபம் வரவில்லை. வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. ஆன்மிகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, என்னிடம் இருக்கிற பதில் இந்தத் தாமதம்தான், இதற்கு மேல் பெரிதாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

எங்கள் வீட்டில் உண்மையான எழுத்துப் பயிற்சி செய்கிறவர் அம்மா. நாற்பது பக்க நோட்டில் ஸ்ரீராமஜெயம் எழுதுவார், மார்கழி வந்தால் சீட்டுச் சீட்டாக எழுதிக் கோத்து ஆஞ்சநேயருக்கு மாலை போடுவார். ராமநாமத்தை ஒரு கோடி எழுதுகிறவர்கள் உண்டு என்று ஒருமுறை பேச்சு வந்தது. நான் சும்மா இருக்காமல் கால்குலேட்டரை எடுத்தேன். நாளைக்கு 108 என்று வைத்தால் ஒரு கோடி முடிய 253 வருஷம் ஆகும். அம்மாவிடம் சொன்னேன். "கணக்கெல்லாம் கடையில பார்த்துக்கடா" என்று சொல்லிவிட்டு எழுத்தைத் தொடர்ந்தார். அவர் எழுதுவது ஒரே சொல், நான் எழுதுவது தினம் வேறு வேறு. அவருக்கு நம்பிக்கை இருக்கிறது, எனக்கு அந்த அளவுக்கு இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அம்மாவும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே டேபிளில் எதிரெதிராக உட்கார்ந்து இரண்டு பேரும் எழுதுகிறோம். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும்.

வெறும் பட்டியலில் என்ன கலை இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். மொத்தம் 261 அடிதான் பாட்டு. தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் மெல்ல எடுத்துச் சொல்லிவருகிற தோழி, விஷயத்துக்கு வராமல் காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று பாறையில் குவித்த பூக்களை எல்லாம் அடுக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் இதைப் பரீட்சைக்குப் பாடம் செய்தபோது தலைவலியாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் நின்று படிக்கிறேன். சொல்ல வந்த கஷ்டமான செய்திக்கு முன்னால் கொஞ்ச நேரம் பூக்களோடு இருந்துவிட்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது, உரைகாரர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஜப்பானில் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பேரரசி தெய்ஷியின் அரண்மனையில் இருந்த செய் ஷோனகன் என்ற பெண்ணும் இப்படிப் பட்டியல் பட்டியலாக எழுதி வைத்திருக்கிறார். நேர்த்தியானவை என்று ஒரு பட்டியல், அதில் புது வெள்ளிக் கிண்ணத்தில் சீவின பனிக்கட்டி. எரிச்சல் தருபவை என்றும் ஒன்று உண்டு. எனக்குப் பிடித்தது இந்த எரிச்சல் பட்டியல்தான், ஆன்மிகம் என்றவுடன் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று யார் சொன்னது?

சரி, எப்படித் தொடங்குவது? தலைப்பைக் குறுக்குங்கள். "இன்றைய சந்தோஷங்கள்" என்று வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். "இன்று கையால் தொட்ட இரும்புச் சாமான்கள்", "பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பையிலிருந்து எட்டிப் பார்த்தவை", "மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருந்த இடங்கள்" என்று வையுங்கள். ஏழெட்டு வந்தால் போதும். அதில் ஒன்றை மட்டும் வரையுங்கள், மற்றவை வார்த்தையாகவே இருக்கட்டும். நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை இந்த நோட்டில் எழுதாதீர்கள். கரண்ட் பில் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அது முறைக்கும்.

நோட்டு எதுவானாலும் சரி. பள்ளிக்கூட நோட்டுத் தாள் மெல்லிசாக இருக்கும், தண்ணீர்க் கலர் பட்டால் சுருண்டு பின்பக்கம் ஊறிவிடும். இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள், தண்ணிப் பசை வேண்டாம், குச்சிப் பசைதான் தாளைச் சுருக்காது. மெழுகு கிரேயானை முதலில் தீட்டி மேலே தண்ணீர்க் கலர் விட்டால் மெழுகு பட்ட இடம் மட்டும் ஒட்டாமல் தனியாக நிற்கும், வரைய வராதவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஆனால் கிரேயான் மேல் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் காலி மாத்திரை அட்டையின் வெள்ளி முதுகையும் மருந்துப் பெட்டிகளின் அட்டையையும் வெட்டி ஒட்டுகிறேன், செலவில்லை.

சமையலறை மஞ்சளைத் தண்ணீரில் குழைத்தால் நல்ல கலர் வரும், ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்தால் கண்ணெதிரிலேயே சிவக்கும், குழந்தைகள் கைதட்டுவார்கள். ஆனால் வெளிச்சம் பட்டால் மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும், மூடிய நோட்டுக்குள்தான் பிழைக்கும்.

இன்னொன்று, பஸ் டிக்கெட். கண்டக்டர் மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட்டை ஒட்டாதீர்கள். அது சூட்டில் எழுத்து விழுகிற தாள், மை கிடையாது, சில மாதத்தில் வெறும் தாளாகிவிடும், பசை பட்டால் இன்னும் சீக்கிரம். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்த அன்றைய டிக்கெட்டை ஒட்டி வைத்திருந்தேன். போன வாரம் புரட்டினால் வெள்ளைத் துண்டு. ஊர் பேர் இல்லை, காசு இல்லை, நேரமும் இல்லை. பழைய காலத்தில் ரோஸ், பச்சை என்று கிழித்துத் தருவார்களே, அதெல்லாம் அச்சடித்தது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்த வெள்ளைத் துண்டைப் பிய்க்கவில்லை. சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, ஞாபகம் இருந்த வரைக்கும் எழுதினேன்: ஜன்னல் ஓரம். முன் சீட்டில் தூங்கிய பையன். சிதம்பரத்தில் ஏறின முறுக்குக்காரர். காலியாகத் திரும்பின பெரிய பை.

பையை இன்னும் வரையவில்லை.