கேட்டதெல்லாம் கிடைத்தும் ஏன் இந்த வெறுமை?

கேள்வி: வேலை நிரந்தரமானால் நிம்மதி என்று நினைத்தேன், ஆனது. சொந்த வீடு கட்டினால் போதும் என்று இருந்தேன், அதுவும் ஆயிற்று. ஒவ்வொரு சந்தோஷமும் சில வாரங்கள்தான். அப்புறம் அதே வெறுமை. 'எல்லாம் மனசுலதான் இருக்கு, நல்லதையே நினை' என்கிறார் என் அக்கா. முயன்று பார்த்தேன், நடிப்பது போல இருக்கிறது. நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்களை நீங்களே நன்றி கெட்டவள் என்று திட்டிக்கொண்டிருந்தால் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கிடைத்தது பழகிப்போவது எல்லா மனங்களுக்கும் உள்ள இயல்பு. அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரைப் பரிசு பெறாதவர்களோடு ஒப்பிட்டு உளவியலாளர் பிலிப் பிரிக்மேனும் அவருடைய சகாக்களும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு சாப்பிடுவது போன்ற சின்ன விஷயங்களில் பரிசு பெற்றவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகக்கூட இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் அக்கா சொல்வதில் பாதி சரி. மனம் எங்கே இருக்கிறது என்பது உண்மையிலேயே முக்கியம். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது, 'இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டு, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைவிட, மனத்தில் என்ன ஓடியது என்பதே அவருடைய மகிழ்ச்சியை அதிகமாகக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் 'நல்லதையே நினை' என்ற கட்டளை பலிக்காது. ஒன்றை நினைக்கக் கூடாது என்று அமுக்கினால் அது இன்னும் பலமாகத் திரும்பி வரும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகமாக நினைத்தார்கள். நீங்கள் நடிப்பது போல உணர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் வழி? நினைப்பை விரட்டாமல், நிறுத்தி விசாரிப்பது. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில், மனச்சோர்வில் இருந்தவர்களின் மனத்தில் தாமாகவே பளிச்சென்று வந்துபோகும் நினைப்புகளைக் கவனித்தார். அவர்கள் அவற்றைச் சோதித்துப் பார்க்காமலே நம்பினார்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன். 'இதுவும் போதவில்லை, அப்போ எதுவுமே போதாது' என்பது போல.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமை தட்டும்போது, சற்று முன் மனம் என்ன சொன்னது என்பதை அப்படியே எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம். பிறகு கேளுங்கள்: இது முழு உண்மையா? இதே நிலையில் அக்கா இருந்தால் அவரிடம் இப்படிச் சொல்வேனா? கடைசியில் எழுத வேண்டியது இனிப்பான வாக்கியம் அல்ல, உண்மையான வாக்கியம். 'இன்று சோர்வாக இருக்கிறது. அதனால் இத்தனை வருட உழைப்பு வீண் என்று ஆகாது.' இதை நீங்கள் நம்ப முடியும்; அதனால்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. யாராவது உங்களை அவமதித்தாலோ, தாங்க முடியாத சுமை உங்கள் மேல் இருந்தாலோ, அங்கே மாற்ற வேண்டியது நினைப்பை அல்ல, நிலைமையைத்தான். எதையும் சகித்துக்கொள்ள இதை ஒரு காரணமாக்கிவிடாதீர்கள். வெறுமை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் நோட்டு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

சில வாரம் எழுதிப் பாருங்கள். எந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.